கடைசிச் சுற்றுக் குவார்ட்டர்பேக்: எதைப் பார்த்து வாங்குவது?

ஏப்ரல் இறுதியில் என்.எஃப்.எல். டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, முடிந்தால் போதும், கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மூன்றாம் நாளான சனிக்கிழமை, நான்காம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்றுக்குள் எடுக்கப்படும் இளம் குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள்). "இப்போது தயாரில்லை, இரண்டு மூன்று வருடத்தில் தேறிவிடுவார்" என்று சொல்லி விற்கப்படுகிறவர்கள். ஃபேண்டஸி லீக்கில் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆடும் கற்பனை அணிப் போட்டி) எடுக்கலாமா, அவர்கள் படம் போட்ட சேகரிப்புக் கார்டு வாங்கலாமா, ஜெர்சி வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் டைனஸ்டி லீக்கில் (ஆட்களை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் ஃபேண்டஸி லீக்) 12 பேர். சூப்பர்ஃப்ளெக்ஸ் முறை, வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர்பேக்குகளை இறக்கலாம். என் கடைசித் தேர்வுக்கு இருவர் மிஞ்சியிருக்கிறார்கள். ஒருவர் ஆறடி ஐந்து அங்குலம், பீரங்கி போன்ற கை, கல்லூரியில் ஓராண்டுதான் ஆடியவர். மற்றவர் ஆறடி ஓரங்குலம், சுமாரான கை, நான்காண்டு ஆடியவர். யாரை எடுப்பது?
– வாசகர், பிளேனோ, டெக்சாஸ்

இரண்டாமவரை.

உயரமும் கைவலிமையும் எல்லோர் கண்ணிலும் படுகிறவை. அவற்றுக்கு அணிகள் முதல் மூன்று சுற்றுகளிலேயே விலை கொடுத்துவிடுகின்றன. அத்தனை உயரமும் அத்தனை கையும் உள்ள ஒருவர் ஆறாம் சுற்று வரை மிஞ்சுகிறார் என்றால், 32 அணிகளும் அவரிடம் ஏதோ ஒரு குறையைப் பார்த்துவிட்டு ஐந்து முறை கடந்து போயிருக்கின்றன என்று பொருள். அந்தக் குறை பெரும்பாலும் எறியும் குறி, அல்லது முடிவெடுக்கும் வேகம். இரண்டுமே பயிற்சியால் எளிதில் வருகிறவை அல்ல.

ஒரே அணிக்குள் நடந்ததைப் பாருங்கள். 2021-இல் சான் பிரான்சிஸ்கோ தன் 12-ஆம் தேர்வையும், அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும், கூடவே ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறி டிரே லான்ஸை எடுத்தது. அவர் கல்லூரியில் முழுதாக ஆடியது 2019 என்ற ஒரே பருவம். 2020-இல் ஒரே ஓர் ஆட்டம். அடுத்த ஆண்டு அதே அணி, டிராஃப்டின் கடைசித் தேர்வான 262-ஆம் எண்ணில் பிராக் பர்டியை எடுத்தது. அயோவா ஸ்டேட்டில் நான்கு பருவம் ஆடியவர். 2023 ஆகஸ்டில் லான்ஸ் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டல்லாஸுக்குப் போனார். 2024 பிப்ரவரியில் பர்டி என்.எஃப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் ஆடினார். லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் களத்தில் கழித்த நேரம் இருவருக்கும் ஒன்றல்ல.

முடிந்தால் அவர்கள் ஆடிய ஆட்டங்களின் காட்சிகளைத் தேடி, மூன்றாவது டவுனில் (பத்து கஜம் முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) ஏழெட்டு கஜம் தேவைப்படும் ஸ்னாப்களை, அதாவது பந்து அவர் கைக்கு வரும் தருணங்களை, மட்டும் பாருங்கள். பந்து கையை விட்டுப் பிரியும் நொடியில் நிறுத்துங்கள். பந்தைப் பிடிக்க வேண்டியவரின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது? அவர் இன்னும் திரும்பவில்லை, ஆனால் பந்து கிளம்பிவிட்டது என்றால், இந்தப் பையன் முன்கூட்டியே பார்க்கிறான். திரும்பி நின்று கை காட்டிய பிறகுதான் பந்து வருகிறது என்றால், அந்தத் தாமதத்தை என்.எஃப்.எல். தற்காப்பாளர்கள் தின்றுவிடுவார்கள். இருபது ஸ்னாப் பார்த்தால் போதும், ஓட்ட நேரப் பட்டியல் எதுவும் தேவைப்படாது.

என் லீக்கில் வாரத்துக்கு ஒரே குவார்ட்டர்பேக். பத்துப் பேர் ஆடுகிறோம். ஐந்தாம் சுற்று ஆளை எடுத்து வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

வேண்டாம். பந்தோடு ஓடுகிறவரையோ பந்தைப் பிடிக்கிறவரையோ எடுங்கள்.

ஒரு டிராஃப்ட் கையேட்டை 79 டாலருக்கு வாங்கினேன். பழைய பயிற்சியாளர் பில் பார்செல்ஸின் விதிப்படி தேறாத குவார்ட்டர்பேக் யாரையும் தொடக்கூடாது என்கிறது. அதை அப்படியே நம்பலாமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

அந்த விதிக்கு நீங்கள் காசு கொடுத்திருக்கவே வேண்டாம். பல ஆண்டுகளாக எல்லோரும் அறிந்தது. மூன்றாண்டு தொடக்க ஆட்டக்காரராக இருக்க வேண்டும், இறுதியாண்டு மாணவராக இருக்க வேண்டும், பட்டம் பெற்றிருக்க வேண்டும், 23 வெற்றிகளாவது வேண்டும். நல்ல சல்லடைதான். பொறுமையையும் பழக்கத்தையும் அளக்கிறது.

ஆனால் சல்லடையில் முத்தும் தங்கிவிடும். பின்னால் பெரும் புகழ் பெற்ற டாம் பிரேடி மிச்சிகன் கல்லூரி அணியில் தொடக்க ஆட்டக்காரராக இருந்தது இரண்டு பருவம், வென்றவை 20. இரண்டு நிபந்தனைகளிலும் தோற்றவர். 2000-ஆம் ஆண்டு 199-ஆம் தேர்வாக ஆறாம் சுற்றில் போனார்; அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டிருந்தார்கள். 40 கஜத்தை 5.28 நொடியில் ஓடினார் என்பதையும், கல்லூரியிலேயே இன்னொருவருடன் இடத்தைப் பங்கிட்டார் என்பதையும் எல்லோரும் எழுதி வைத்தார்கள். அந்த ஜனவரியில்தான் அலபாமாவுக்கு எதிரான ஆரஞ்சு பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கியும், 369 கஜம் எறிந்து 35–34 என்று ஜெயித்திருந்தார். காட்சி எல்லோரிடமும் இருந்தது. விதியை முதலில் போட்டுப் பாருங்கள். விழுந்தவர்களில் யாருக்காவது இப்படி ஓர் ஆட்டம் இருக்கிறதா என்று பிறகு தேடுங்கள். 79 டாலர் கையேட்டைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

ஏழாம் சுற்றுக் குவார்ட்டர்பேக்கின் கையெழுத்துக் கார்டுகளை டிராஃப்ட் அன்று இரவே ஒன்பது வாங்கினேன். ஆகஸ்டில் அணி அவரை நீக்கிவிட்டது. விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ

கேட்க முடியாது. அவர் விற்றது உண்மையான கார்டு. நீங்கள் வாங்கியது உண்மையான கார்டு. கோடை முகாமில் 90 பேர் இருப்பார்கள், ஆகஸ்ட் இறுதியில் அது 53 ஆகும். ஏழாம் சுற்று ஆளுக்கு அந்த 53-இல் இடம் உறுதி என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒன்று வாங்கியிருந்தால் ஆசை என்பேன். ஒன்பது வாங்கியிருக்கிறீர்கள், அதுவும் விலை உச்சத்தில் இருக்கும் இரவில். அந்தப் பையன் முகாமில் பந்தைத் தொடும் வரையாவது காத்திருந்திருக்கலாம்.

நானும் இதில் அடிபட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் குவார்ட்டர்பேக்கின் கார்டை 340 டாலருக்கு வாங்கினேன். பிரேடியின் ஒரு ரூக்கி கார்டு (முதலாண்டுக் கார்டு) 2021-இல் 31 லட்சம் டாலருக்குப் போன செய்தி காதில் ஒலித்துக்கொண்டிருந்த நேரம். நான் அவர் ஆடிய ஒரு முழு ஆட்டத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை. தொகுத்து ஒட்டிய நான்கு நிமிடக் காட்சியைப் பார்த்து வாங்கினேன். இன்று அதற்கு 15 டாலர் கிடைத்தால் அதிகம். அவர் மேல் குற்றம் இல்லை. பார்க்காமல் வாங்கியது நான்.

"வளர்த்தெடுக்க வேண்டிய குவார்ட்டர்பேக்" என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார்களே, உண்மையில் யார் வளர்த்தெடுக்கிறார்கள்?
– வாசகர், டொராண்டோ

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஒரு காலத்தில் வளர்த்தார்கள். கிரீன் பே அணியில் ரான் வுல்ஃப் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தபோது, முதல் குவார்ட்டர்பேக்கான பிரெட் ஃபார்வ் ஓர் ஆட்டத்தையும் விடாமல் ஆடிக்கொண்டிருந்த நாட்களிலும், கடைசிச் சுற்றுகளில் குவார்ட்டர்பேக்குகளை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1993-இல் ஐந்தாம் சுற்றில் மார்க் புரூனெல். 1998-இல் ஆறாம் சுற்றில் மாட் ஹாசல்பெக். முதல் ஆண்டு, பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில்தான் இருந்தார். 1999-இல் நான்காம் சுற்றில் ஏரன் புரூக்ஸ். மூவரையும் பின்னால் வேறு அணிகளுக்குக் கொடுத்து நல்ல விலை பெற்றார்கள். மூவரும் போன இடத்தில் முதல் ஆளாக ஆடினார்கள். ஹாசல்பெக் சியாட்டிலை சூப்பர் பவுலுக்கே கொண்டுபோனார். அதுதான் வளர்ப்பு: நாற்றங்கால் போட்டு, தண்ணீர் ஊற்றி, பிறகு பிடுங்கி நடுவது.

இன்று என்ன நடக்கிறது? 2011 தொழிலாளர் ஒப்பந்தம் ஆட்டக்காரர்களின் உடம்பைக் காப்பாற்றப் பயிற்சியைக் குறைத்தது. நாளுக்கு இரண்டு முறை கவசம் அணிந்து பயிற்சி செய்வது நின்றது. பருவத்தில் கவசப் பயிற்சி 14 மட்டும். கோடைக்கு முந்தைய பயிற்சிக் காலம் 14 வாரத்திலிருந்து ஒன்பது வாரமானது. 2021-இல் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்கள் நான்கிலிருந்து மூன்றாயின. உடம்பைக் காத்தது சரி, நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் குறைந்த நேரம் யார் பங்கிலிருந்து போனது? மூன்றாம் குவார்ட்டர்பேக்கின் பங்கிலிருந்து. செப்டம்பர் வந்ததும் ஸ்னாப்கள் எல்லாம் முதல் ஆளுக்கே. கடைசி ஆளின் முன்னால், அந்த வாரம் எதிர்த்து ஆடப்போகும் அணியின் ஆட்டத்தை வரைந்த அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். அவன் அதைப் பார்த்துப் படித்து, இன்னோர் அணியின் ஆட்டத்தை நடித்துக் காட்டுகிறான். தன் அணியின் ஆட்டத்தை அவன் எப்போது கற்பான்?

பர்டியும் மாற்றாக வந்தவரும் ஒரே ஆட்டத்தில் காயமடைந்து, 2023 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ எறிவதற்கு ஆளில்லாமல் தவித்த பிறகுதான், அவசரத்துக்கு மூன்றாம் குவார்ட்டர்பேக்கைத் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளும் விதி திரும்ப வந்தது. அவனை உட்கார வைக்க இடம் கிடைத்தது. பயிற்சி நேரம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தைக் கொடுக்காத அணி "வளர்த்தெடுக்க வேண்டியவர்" என்று சொல்லி அவனை விற்பது எனக்கு ஒப்புவதில்லை.

ஆகவே ஆளை மட்டும் பார்க்காதீர்கள், வீட்டையும் பாருங்கள். முதல் ஆளின் வயது என்ன? தலைமைப் பயிற்சியாளருக்கு அடுத்த ஆண்டும் வேலை இருக்குமா? அவர் போனால் ஆட்டமுறையும் போகும். பையன் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

புகழ்பெற்ற பெயர், ஐந்தாம் சுற்றுக்குச் சரிந்துவிட்டது. மலிவா?
– வாசகர், அட்லாண்டா

அணிக்கு மலிவு, உங்களுக்கு இல்லை. 2025-இல் ஷெடூர் சாண்டர்ஸ் 144-ஆம் தேர்வாகக் கிளீவ்லாந்துக்குப் போனபோது, அவர் கார்டும் ஜெர்சியும் ஐந்தாம் சுற்று விலைக்குக் கிடைத்தனவா? அதே டிராஃப்டில் அதே கிளீவ்லாந்து அவருக்கு முன்பே, 94-ஆம் இடத்தில், டில்லன் கேப்ரியலை எடுத்திருந்தது.

கல்லூரியில் படிக்கிறேன். பகுதிநேர வேலைக் காசில் 260 டாலர் கொடுத்து, கையெழுத்திட்ட ரூக்கி கார்டு ஒன்று வாங்கினேன். கையெழுத்து அச்சடித்தது என்று நண்பன் சொல்கிறான். விற்றவர் பதில் போடவில்லை. நான் ஏமாந்துவிட்டேனா, ஐயா?
– வாசகர், ராலே, வட கரோலினா

வெட்கப்படாதே தம்பி, பிழை உன்னுடையது அல்ல. முதலில் உறுதி செய்துகொள். பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடியை வைத்துக் கோட்டைப் பார். பேனாவால் போட்டதென்றால், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மை அடர்ந்திருக்கும். கார்டைச் சாய்த்தால் மையின் பளபளப்பு தனியாகத் தெரியும். அச்சென்றால் கோடு முழுவதும் பொடிப்பொடிப் புள்ளிகள், கார்டின் படத்தில் இருக்கும் அதே புள்ளிகள்.

அச்சுதான் என்றால் இன்றே செய். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வை. "கையெழுத்திட்டது" என்ற சொல் அதில் தெரிய வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்ன பொருள் வரவில்லை என்று வங்கியிடம் எழுத்தில் முறையிடு; அந்தத் தொகை முதலில் வந்த கணக்கு அறிக்கையிலிருந்து 60 நாட்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். வாங்கிய தளத்திலும் முறையிடு. ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் உன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் பதிவு செய். நண்பர்களுக்கு அனுப்புவதுபோல் செயலியில் பணம் அனுப்பியிருந்தால் மீட்பது கடினம், அப்போதும் முறையிடு. என்ன ஆனது என்று எனக்கு எழுது.

என் 11 வயது மகனுக்கு எங்கள் அணி ஏழாம் சுற்றில் எடுத்த குவார்ட்டர்பேக்கை மிகவும் பிடித்துவிட்டது. ஜெர்சி கேட்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், சிகாகோ

வாங்கிக் கொடுங்கள் அம்மா, ஆனால் செப்டம்பரில். முகாமில் கொடுக்கும் எண் பட்டியல் இறுதியாகும்போது மாறக்கூடும். பழைய எண் தைத்த ஜெர்சியை எல்லாக் கடைகளும் மாற்றித் தர மாட்டார்கள். அதுவரை ஜூலை கடைசியில் முகாம் பயிற்சி பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும் ஒரு நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பயிற்சி முடிந்ததும் கயிற்றோரம் நிற்கச் சொல்லுங்கள், கையில் ஒரு மார்க்கர் பேனா இருக்கட்டும். முதல் ஆளைச் சுற்றிக் கூட்டமாக இருக்கும். மூன்றாம் ஆள் நின்று, பெயர் கேட்டு எழுதிக் கொடுப்பான்.