மருமகள் கேட்கிறாள்: "எதை நம்பறீங்க, அத்தை?"

கேள்வி: என் மகனுக்குச் சென்ற ஆண்டு பதிவுத் திருமணம் நடந்தது. மருமகள் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், தங்கமானவள். போன வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றும்போது பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அத்தை, உங்க மதத்துல அடிப்படையா எதை நம்பறீங்க? எந்தப் புத்தகம் படிச்சா புரியும்? ஏன் இத்தனை சாமி?" என்று கேட்டாள். இத்தனை வயதாகியும் எனக்கு ஒரு வரி பதில் வரவில்லை. என் கணவர் "முப்பத்து முக்கோடி தேவர்கள்மா" என்று சொல்லி இன்னும் குழப்பிவிட்டார். நாத்தனாரோ, "முதல்ல அவளை மதம் மாறச் சொல்லு" என்கிறார். நான் அவளுக்கு எதிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஒரு வரியில் பதில் வரவில்லையே என்று கூச்சப்படாதீர்கள். 1966-ல் உச்ச நீதிமன்றத்துக்கே வரவில்லை. ஒரு வழக்கில் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர், இந்து மதத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரே தீர்க்கதரிசி கிடையாது, ஒரே தெய்வம் கிடையாது, ஒரே கோட்பாடோ சடங்கு முறையோ கிடையாது, ஆகவே இதை வரையறுப்பது கடினம் என்ற பொருள்பட எழுதினார். அந்த வழக்கு எதற்காக வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மருமகள் கேட்டதில் தவறே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லி வளர்ந்திருப்பாள். இன்னதை நம்புகிறோம் என்று வரி வரியாகச் சொல்வதுதான் அவளுக்கு மதத்தின் வாசல். நம் வீடுகளில் அந்த வாசல் வேறு பக்கம் இருக்கிறது. நாம் செய்வது ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், நம்புவது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கோயிலில் ஒரே தீபாராதனைக்குக் கைகூப்பி நிற்கும் இருவரில் ஒருவர் "அவனும் நானும் வேறல்ல" என்பார், மற்றவர் "என்றைக்கும் நான் அவனுக்கு அடிமை" என்பார். இரண்டு பேருக்கும் பிரசாதம் ஒன்றுதான். ஆகவே நம்பிக்கைகளைப் பட்டியல் போட்டுக் காட்ட முயலாதீர்கள். நீங்கள் செய்வதை அவள் பார்க்கட்டும், பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

அடுத்த பூஜைக்கு மஞ்சள் பிள்ளையார் பிடிக்கும் வேலையை அவள் கண் முன்னால் செய்யுங்கள். மஞ்சள் பொடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைகிறீர்கள். தண்ணீர் கூடிப்போனால் நிற்காது, குறைந்தால் வெடிக்கும். விரலால் கூம்பாகப் பிடித்து வெற்றிலை மேல் வைத்து, குங்குமம் இட்டு, உச்சியில் அருகம்புல் சொருகுகிறீர்கள். மந்திரம் சொல்லி, இதில் எழுந்தருள வேண்டும் என்று அழைத்த பிறகுதான் அது பிள்ளையார். பூஜை முடிந்ததும் "யதாஸ்தானம்" என்று சொல்லி, வடக்குப் பக்கமாக லேசாக நகர்த்துகிறோம். வந்தவரை வழியனுப்பியாயிற்று. அப்புறம் அது மஞ்சள்தான், தண்ணீரில் கரைத்துவிடலாம். "சிலையையா கும்பிடறீங்க?" என்று அவள் கேட்க நினைத்திருந்தால் அதற்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. கோயில் மூலவர் விஷயம் வேறு. அங்கே குடமுழுக்குச் செய்து நிலையாக எழுந்தருளச் செய்திருக்கிறார்கள், தினமும் வழியனுப்புவதில்லை.

இடையில் நடப்பதெல்லாம் விருந்தோம்பல். உட்கார ஆசனம், கால் கழுவத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர், குளியல், புதுத்துணி, சந்தனம், பூ, தூபம், தீபம், சாப்பாடு, தாம்பூலம் என்று போகும் இதற்குப் பதினாறு உபசாரங்கள் என்று பெயர். பட்டியலில் ஒன்றிரண்டு சம்பிரதாயத்துக்குச் சம்பிரதாயம் மாறும். அவசரக் காலை வேளையில் நாம் எல்லாவற்றையும் ஒரு பூவிலும் ஒரு கற்பூரத்திலும் முடித்துவிடுகிறோம், அதற்கும் சாஸ்திரத்தில் இடமிருக்கிறது. ஒன்று மட்டும் வேண்டாம். மணி அடித்தால் கிருமி சாகும், கோயிலில் காந்த அலை இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவியலை அவளிடம் சொல்லாதீர்கள். படித்த பெண், ஒரு நிமிஷத்தில் சரிபார்த்துவிடுவாள். பிறகு நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டாள்.

இனி உங்கள் கணவரின் முப்பத்து முக்கோடி. இந்தக் கேள்வியை அவளுக்கு வெகுகாலம் முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். பிருஹதாரண்யக உபநிடதத்தில், ஜனக மன்னரின் அவையில், விதக்த சாகல்யர் என்பவர் யாக்ஞவல்கியரை மடக்கப் பார்க்கிறார். தேவர்கள் எத்தனை பேர்? மூவாயிரத்து முந்நூற்று ஆறு என்கிறார் முனிவர். சரி, உண்மையில் எத்தனை பேர்? முப்பத்து மூன்று. சரி, உண்மையில்? ஆறு. விடாமல் கேட்கக் கேட்க மூன்று, இரண்டு, ஒன்றரை என்று இறங்கி, கடைசியில் ஒன்று. அந்த ஒன்று பிராணன், அதுவே பிரம்மம் என்கிறார். முப்பத்து மூன்றுக்கும் கணக்குக் கொடுக்கிறார்: வசுக்கள் எட்டு, ருத்திரர்கள் பதினொன்று, ஆதித்தியர்கள் பன்னிரண்டு, இந்திரன், பிரஜாபதி. மற்றவர்கள் எல்லாம் இவர்களின் மகிமைகளாம். இதைக் கதையாகவே சொல்லுங்கள். ஒன்றரைக்கு அவள் சிரிப்பாள். (அந்த ஒன்றரை, வீசும் காற்று.)

ஆனால் "எல்லாம் ஒரே சாமிதான்மா" என்று அதோடு மூடிவிடாதீர்கள், அது பாதி உண்மைதான். வைணவருக்குத் திருமாலே பரம்பொருள், சைவருக்குச் சிவனே. அம்மனே ஆதி என்பவர்கள் உண்டு. முருகனைத் தவிர வேறு யாரிடமும் எதுவும் கேட்காத குடும்பங்கள் உண்டு. உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை வைத்துக்கொள்ளாத சாங்கியம், மீமாம்சை போன்ற தத்துவ தரிசனங்களும் இந்த மரபுக்குள்தான் இருக்கின்றன. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் படைப்பைப் பற்றிய ஒரு சூக்தம் (வேதப் பாடல்), இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று முடிகிறது. வேதத்திலேயே சந்தேகத்துக்கு இடமிருக்கும்போது, உங்கள் மருமகளின் சந்தேகத்துக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் இடமில்லாமல் போகுமா?

சாமிகளைவிட அவளுக்குச் சட்டென்று புரியக்கூடியது ஒன்று இருக்கிறது: முன்னோர் வழிபாடு. ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை நாட்களில் இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம். அவள் வீட்டில் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் போகும் பழக்கம் இருந்தால், அமாவாசையைப் பற்றி நீங்கள் அதிகம் விளக்கவே வேண்டாம்.

புத்தகம் கேட்டாள் அல்லவா? வேதம் நான்கு. ரிக் வேதத்தில் மட்டும் 1,028 சூக்தங்கள். எழுத்தில் வைக்காமல் காதால் கேட்டே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது வியக்க வேண்டிய செய்தி. ஆனாலும் மிகப் பெரும்பாலான இந்துக்கள் அதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை, படிக்காமலே முழு இந்துவாக வாழ்ந்து முடிக்கிறார்கள். எல்லோரும் பகவத் கீதையைத்தான் பரிசாகக் கொடுப்பார்கள். 18 அத்தியாயம், 700 சுலோகம். இரண்டு படைகளுக்கு நடுவே தேரை நிறுத்திவிட்டு அர்ஜுனன் ஏன் நடுங்குகிறான், எதிரே நிற்பது யார் யார் என்று தெரியாதவள் கையில் அதைக் கொடுத்துப் பயனில்லை. முதலில் மகாபாரதக் கதை, அப்புறம் கீதை. தமிழ் படிக்கிற பெண் என்றால் மார்கழியில் நாளைக்கு ஒன்றாக ஆண்டாளின் திருப்பாவை முப்பதையும் சேர்ந்து படியுங்கள். திருவாசகத்தை 1900-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி.யு.போப் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் என்பதையும் சொல்லி வையுங்கள், சந்தோஷப்படுவாள்.

கர்மம், மறுபிறப்பு, மோட்சம் மூன்றும் எப்படியும் பேச்சில் வரும். செய்த செயலுக்குப் பலன் உண்டு, இந்தப் பிறவியில் தீராதது அடுத்ததற்குத் தொடரும் என்பது பொதுவான நம்பிக்கை. சேர்ந்து கிடக்கும் மூட்டை சஞ்சிதம், அதில் இந்தப் பிறவிக்கு என்று பிரித்து அனுபவிப்பது பிராரப்தம், இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். மூன்றாவது நம் கையில் இருப்பதால்தான் இதைத் தலைவிதி என்று சொல்லிவிட முடியாது. அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து "முன்வினை" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது ஆறுதலும் இல்லை, அறிவும் இல்லை. அவள் முன்னால் மட்டுமல்ல, யார் முன்னாலும் அதைச் சொல்லாதீர்கள். இந்தச் சுழலிலிருந்து விடுபடுவது மோட்சம். விடுபட்ட பிறகு என்ன என்பதில்தான் ஆசாரியர்களுக்குள் வாதம். ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்றார் சங்கரர். பிரம்மத்துக்கு உடல் போல இருந்து என்றும் தொண்டு செய்வது என்றார் ராமானுஜர். வேறு வேறாகவே இருக்கும் என்றார் மத்வர். பசுவாகிய உயிர், பாசமாகிய தளை நீங்கிப் பதியாகிய இறைவனை அடையும் என்கிறது சைவ சித்தாந்தம். இதில் அவளுக்கு இப்போதைக்கு இவ்வளவு போதும், நமக்கும்தான்.

நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவள் கேட்கத்தான் போகிறாள்: சாதி. மழுப்பாதீர்கள். நான் மேலே சொன்ன வழக்கு எதற்காக வந்தது தெரியுமா? ஒரு சம்பிரதாயத்தார், தங்கள் கோயிலுக்குள் தீண்டாமைக்கு ஆளான மக்கள் நுழைவதைத் தடுக்க, "நாங்கள் இந்துக்களே இல்லை, ஆலயப் பிரவேசச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளேயே 1939 ஜூலையில்தான் தீண்டாமைக்கு ஆளான மக்களை விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் அழைத்துக்கொண்டு போக முடிந்தது. இந்த அநீதிக்கு மதத்தின் பெயரால் நியாயம் சொல்லப்பட்டது உண்மை. அதே மரபுக்குள்ளிருந்து எதிர்ப்புக் கிளம்பியதும் உண்மை. காவிரிக் கரையைத் தாண்டி வராமல் நின்ற திருப்பாணாழ்வாரை, லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து அரங்கன் சந்நிதிக்குக் கொண்டுபோன கதையை வைணவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். கதையை மட்டும் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், நம்பவும் கூடாது.

நாத்தனாருக்கு: 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்திருந்தால் யாரும் யார் மதத்துக்கும் மாற வேண்டியதில்லை. விரும்பி வருகிறவர்களுக்கு ஆரிய சமாஜம் போன்ற அமைப்புகள் இந்து மதத்தில் சேர்க்கும் சுத்திச் சடங்கு நடத்துகின்றன. அது வருகிறவர் விருப்பம், அத்தை வீட்டாரின் விருப்பம் அல்ல. திருநீற்றை நீட்டும் முன் "இட்டுக்கிறியாம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காதீர்கள். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடத் தயங்கும் கிறிஸ்தவர்கள் உண்டு. அப்படியென்றால் படைப்பதற்கு முன்பே அவளுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், பேச்சே எழாது.

வெளியே அழைத்துப்போவதென்றால் பெரிய கோயில்களில் முன்கூட்டி விசாரித்துவிடுங்கள். இந்துக்கள் அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டி வரக்கூடாது என்ற பலகை சில இடங்களில் உண்டு, வாசலில் நின்று அவள் அதைப் படிக்கும்படி ஆகிவிடக் கூடாது. குலதெய்வக் கோயிலுக்கு முதலில் கூட்டிப்போவது நல்லது. பங்காளிகள் எல்லோரும் வருவார்கள், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பாதிக் கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்துவிடும். கிடா வெட்டு இருக்கிறதென்றால் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.