லாகர்ஃப்ளியோட் ஏரிப் பாம்பு: கேள்வி பதில்

ஐஸ்லாந்தின் கிழக்குப் பகுதியில், எகில்ஸ்டாதிர் என்னும் சிற்றூரை ஒட்டிக் கிடக்கும் லாகர்ஃப்ளியோட் ஏரியையும், அதில் வாழ்வதாகச் சொல்லப்படும் பெரும்பாம்பையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். வட ஐரோப்பிய நாட்டார் கதைகளும் ஏரிகளின் இயல்பும் நான் பல காலமாகப் படித்து வருபவை. பேய்கள், வேற்றுக்கோள் வாசிகள், விமானக் கட்டணம் ஆகியவற்றுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, இந்தப் பாம்பின் கதையை முழுமையாகச் சொல்ல முடியுமா?

பதில்: ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில் வாழ்ந்த ஒரு தாய் தன் மகளுக்குப் பொன் மோதிரம் ஒன்றைக் கொடுத்தாள். பொன்னால் மிகுந்த பயன் பெறுவது எப்படி என்று மகள் கேட்க, புதரில் ஊரும் சிறு பாம்பொன்றைப் பிடித்து அதன் அடியில் பொன்னை வை, பாம்பு வளர வளரப் பொன்னும் வளரும் என்றாள் தாய். மகளும் அவ்வாறே இரண்டையும் பெட்டியில் இட்டு மூடினாள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பெட்டியே பிளக்கும் அளவுக்குப் பாம்பு பருத்திருந்தது. அஞ்சிய பெண் பெட்டியைப் பொன்னோடும் பாம்போடும் நீரில் எறிந்துவிட்டாள். அதன்பின் பாம்பு ஏரியில் வளர்ந்து, நீரைக் கடப்போரைக் கொன்றது; கரையேறி நஞ்சும் கக்கியது. அதைக் கொல்ல மந்திரம் வல்ல ஃபின்கள் இருவரை அழைத்தார்கள். (பழைய ஐஸ்லாந்துக் கதைகளில் இச்சொல் பெரும்பாலும் ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் வாழும் பழங்குடியினரான சாமி மக்களையே குறிக்கும்.) நீருக்குள் மூழ்கி எழுந்த அவர்கள், கொல்ல இயலவில்லை, பொன்னுக்கடியில் இதைவிடக் கொடிய இன்னொரு பாம்பு கிடக்கிறது என்று சொல்லி, மேலே இருந்ததை மட்டும் முன்பக்கம் ஒரு கட்டும் வால்பக்கம் ஒரு கட்டுமாகப் பிணைத்துவிட்டுப் போனார்கள். இன்றும் அது முதுகை மட்டும் வளைத்து மேலே எழும்புகிறது. அப்படி எழும்பினால் பஞ்சமோ புல் விளைச்சல் குறைவோ வரும் என்பது நம்பிக்கை.

இக்கதை யோன் ஆர்னசன் தொகுத்து 1862-64இல் வெளிவந்த நாட்டார் கதைத் தொகுப்பில் உள்ளது. பொன்னின் மேல் வைத்த பாம்பு வளரும் கூறு அதைவிட மிகப் பழையது. ரக்னார் லோத்புரோக் என்னும் வைக்கிங் வீரனைப் பற்றிய 13ஆம் நூற்றாண்டு ‘சாகா’வில் (பழைய ஐஸ்லாந்து உரைநடைக் காவியம்), தோரா என்னும் பெண்ணுக்குத் தந்தை பரிசளித்த சிறு பாம்பைப் பொன்னின் மேல் வைக்க, அது அவள் மாளிகையையே சுற்றிக்கொள்ளும் அளவுக்கு வளர்கிறது. இயற்கையாகப் பாம்பே இல்லாத தீவான ஐஸ்லாந்தில் பாம்புக் கதை இவ்வளவு வேரூன்றியிருப்பது, கதைகளும் குடியேறிகளோடு கப்பலேறி வந்தவை என்பதைத்தான் காட்டுகிறது.

கேள்வி: இது ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் விலங்கைவிடப் பழையதா?

பதில்: இத்தகைய கதை எதைக் கேட்டாலும், அது முதலில் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று கேட்டுவிட்டுப் பிறகு வியந்துகொள்ளுங்கள். லாகர்ஃப்ளியோட் விலங்கைப் பற்றிய முதல் பதிவு 1345ஆம் ஆண்டுக்குரிய ஐஸ்லாந்து ஆண்டுக்குறிப்பில் உள்ளது. உயிருள்ளது என மக்கள் எண்ணிய வியப்பான பொருள் ஒன்று நீரில் தெரிந்ததாகவும், சில வேளை பெரும் தீவுகள் போலவும், சில வேளை ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) விலகிய வளைவுகளாகவும் எழுந்ததாகவும், தலையோ வாலோ யாருக்கும் தென்படவில்லை என்றும் அக்குறிப்பு கூறுகிறது. அதில் மோதிரமும் இல்லை, பெண்ணும் இல்லை, மந்திரவாதிகளும் இல்லை. தலையும் வாலும் தெரியாதது ஏன் என்ற கேள்விக்கு விடையாகவே இரு முனையிலும் கட்டுப்போட்ட கதை பிற்பாடு பிறந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1590இல் அச்சான, வரைபட வல்லுநர் ஓர்ட்டேலியஸின் ஐஸ்லாந்து வரைபடத்திலும் இவ்வேரியின் பெரும்பாம்பு இடம்பெற்றுவிட்டது.

லாக் நெஸ்ஸின் பெரும்புகழ் 1933இல் தொடங்கியது. புனித கொலம்பா நெஸ் ஆற்றில் ஒரு விலங்கை விரட்டியதாக, அவர் வரலாற்றை எழுதிய அடம்னான் என்னும் துறவி எழுதியிருப்பது, கொலம்பா 597இல் இறந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து. அங்கும் அதே எச்சரிக்கைதான்.

கேள்வி: ஒன்றுமே இல்லாமலா இத்தனை பேர் பார்த்தார்கள்?

பதில்: ஒன்றுமே இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. பனியாறு குடைந்த பள்ளத்தில் நிரம்பிய இந்த ஏரியின் பரப்பு சுமார் 53 சதுர கிலோமீட்டர். பெரும ஆழம் 112 மீட்டர். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 20 மீட்டர் மட்டுமே மேலே இருப்பதால், ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் வெகு கீழே போகிறது. வட்னாயோகுல் பனிப்பாறை அரைத்துத் தள்ளும் மாவு போன்ற நுண்வண்டல் கலந்து நீர் எப்போதும் கலங்கியே இருப்பதால், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மிதக்கும் மரத்துண்டு கூட முதுகு மட்டும் தெரியும் கரிய உருவமாகிவிடும். ஏரியின் அடியிலிருந்து வாயு எழும்பிக் குமிழிகளாக மேலே வரும்போது, தன்னோடு குப்பை கூளங்களைத் தூக்கி வருவதும், குளிர்காலத்தில் பனித்தளத்தை ஆங்காங்கே மெலியச் செய்வதும் உண்டு. நீண்டு குறுகிய ஏரியில் காற்றடங்கிய பிறகும் ஓடும் அலைவரிசை, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வரிசையான வளைவுகளாகவே தெரியும். ஐஸ்லாந்தின் நன்னீரில் இயற்கையாக வாழும் மீன்களோ சால்மன், டிரவுட், ஆர்க்டிக் சார், விலாங்கு, முள்மீன் ஆகியவை மட்டுமே. இவற்றுள் எதுவும் தீவு போல எழும்பாது.

கேள்வி: ஏரிப் பாம்பு நெளிவதைக் காட்டுவதாக 2012இல் வந்த காணொளியை அரசாங்கமே உண்மை என்று ஏற்றுக்கொண்டதே!

பதில்: அரசாங்கம் அல்ல, அப்பகுதியின் உள்ளூராட்சி மன்றம் அமைத்த குழு. பாம்பு இருப்பதற்குச் சான்று தருவோருக்கு 5 லட்சம் குரோனா பரிசு என்று 1997இல் அறிவிக்கப்பட்டிருந்தது. 2012 பிப்ரவரியில் உள்ளூர் விவசாயி ஒருவர் எடுத்த காணொளியைப் பற்றி முடிவெடுக்க அமைந்த 13 பேர் குழுவில் 7 பேர் 2014இல் அது உண்மை என்று ஆதரித்தனர். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் காணொளி ஏரியில் எடுக்கப்பட்டதன்று, ஏரியின் மேல்முனையில் வந்து சேரும், பனி உருகி ஓடும் ஆற்றில் எடுக்கப்பட்டது. அந்த உருவம் நெளிகிறதே தவிர, கரையை ஒப்பிட்டுப் பார்த்தால் இடம் பெயரவில்லை. ஒரு முனை எதிலோ சிக்கி, மேலே பனி உறைந்து, நீரோட்டத்தில் ஆடும் வலையோ துணியோ அப்படித்தான் தோன்றும்.

கேள்வி: ஏரிப் பாம்பின் காணொளி உண்மையா, பொய்யா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஏழு பேர் ஏற்றார்கள் என்றால் பெரும்பான்மை அல்லவா? அறிவியலும் ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்?

பதில்: வாக்கெடுத்து ஒரு விலங்கைப் பிறப்பிக்க முடியாது. பரிசைக் கொடுப்பதற்கு வேண்டுமானால் வாக்கு உதவும். காணொளியைப் பற்றிய கேள்விகளுக்கு இனிமேல் பதில் இல்லை.

கேள்வி: பழங்கால டைனோசர் ஒன்று எஞ்சியிருக்கலாமே?

பதில்: ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தப் பள்ளத்தாக்கைத் தடித்த பனி நிரப்பியிருந்தது. பனிக்கட்டிக்குள் எதுவும் எஞ்சாது.

கேள்வி: சுவீடனிலும் இப்படியொரு ஏரி விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்கிறார்களே?

பதில்: முன்பு இருந்தது. யெம்ட்லாந்தில் உள்ள ஸ்டூர்ஷோன் ஏரியின் விலங்கைக் கொல்வதையும் பிடிப்பதையும், அதன் முட்டைகளை எடுப்பதையும் மாவட்ட நிர்வாகம் 1986இல் தடை செய்தது. 2005இல் அத்தடையை நீக்கியது. அதற்கும் முன்பு 1894இல், அதே விலங்கைப் பிடிப்பதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட, இரண்டாம் ஆஸ்கர் மன்னரும் அதற்கு ஆதரவளித்தார். பிடிப்பதற்குச் செய்த பொறிகள் எஸ்டர்சுண்டில் உள்ள யெம்ட்லி அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அங்குள்ள ஃப்ரோசோன் தீவின் ரூன் கல்தான் (ரூன் என்பது பழைய வட ஐரோப்பிய எழுத்து) விலங்கைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பார்கள். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில் பாம்பு வடிவம் செதுக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் எழுத்தோ ஒரு பாலம் கட்டியதையும் அந்நாட்டைக் கிறித்தவமாக்கியதையும் மட்டுமே கூறுகிறது. ஆண்டைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

கேள்வி: விசா எப்படிப் பெறுவது?

பதில்: தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: அணை கட்டியதால் பாம்பு செத்துவிட்டது என்று படித்தேன். உண்மையா?

பதில்: பாம்பை விடுங்கள், ஏரியைப் பற்றி இன்று கேட்கப்பட்டவற்றுள் முதல் நல்ல கேள்வி இது. காராஹ்னியூகர் நீர்மின் திட்டம் 690 மெகாவாட் திறன் கொண்டது. ரேதார்ஃபியோர்துரில் உள்ள அலுமினிய உருக்காலைக்காகக் கட்டப்பட்டு 2007இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. யோகுல்சா ஆ தால் என்னும், பனி உருகி ஓடும் ஆறு அதுவரை தனி வழியே கடலை அடைந்துவந்தது. இப்போது அதன் நீர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே திருப்பப்பட்டு, மின்னிலையத்தைக் கடந்து, லாகர்ஃப்ளியோட்டில் சேர்கிறது. கனமான வண்டல் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிட, நுண்வண்டல் மட்டும் ஏரிக்கு வருகிறது. நீரின் கலங்கல் மிகுந்து ஒளி உள்ளே புகுவது குறைந்தது. ஒளி குறைந்தால் பாசி குறையும், பாசி குறைந்தால் மீனுக்கு இரை குறையும். நீர்மட்டம் உயர்ந்து கரை அரிப்பும் கூடியதாகக் கரையோர விவசாயிகள் முறையிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: நீர்மின்சாரம் தூய்மையானது. ஒரு கற்பனைப் பாம்புக்காக அதைக் குறை கூறுவது சரியா?

பதில்: நான் பாம்புக்காக எங்கே குறை கூறினேன்? புகை விடாத மின்சாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு ஆறுகளின் வண்டலை ஒரே ஏரியில் இறக்கினால் அந்த ஏரி மாறும் என்பது கற்பனையன்று.

கேள்வி: (அதே வாசகர்) மற்ற ஆறு தெளிந்துவிட்டதே, அதைச் சொல்லாமல் மறைப்பது நியாயமா?

பதில்: மறைக்கவில்லை, நீங்கள் எடுத்துச் சொன்னதற்கு நன்றி. யோகுல்சா ஆ தாலின் கீழ்ப்பகுதி, அணை நிரம்பி வழியும் காலம் தவிர மற்ற மாதங்களில் இப்போது தெளிவாகவே ஓடுகிறது. அங்கே சால்மன் மீன்பிடிப்பும் வளர்ந்திருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கு பெற்றது, இன்னொன்று இழந்தது. பெற்றதும் இழந்ததும் வெவ்வேறு பண்ணைக்காரர்கள் என்பதால், இரண்டையும் கூட்டிக் கழித்துச் சமம் என்று கணக்கு முடிப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: நீர் இன்னும் கலங்கினால் பாம்பைப் பார்த்ததாகச் சொல்வோர் கூடுவார்களா, குறைவார்களா?

பதில்: கலங்கல் கூடினால் மேற்பரப்பில் தெரிவதைப் பிழையாகக் கொள்வதற்கு வாய்ப்பும் கூடும். இனி யாராவது கண்டதாக எழுதினால், எந்த மாதத்தில், எவ்வளவு தொலைவிலிருந்து, அன்று காற்று எப்படி இருந்தது என்ற மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு எனக்கு அனுப்புங்கள்.