துருசு மூடியிருந்தும் வாய்க்காலில் தண்ணீர்

கேள்வி: ஓமோன் வந்து பொருந்தினால்தான் கலமென்சவ்விலுள்ள வாங்கி இயங்கும் என்று படித்தோம். ஓமோன் இல்லாமலும் இயங்கும் என்கிறார் ரியூசன் சேர். எப்படி?
– உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: சேர் சொன்னது சரி. பூட்டும் சாவியும் என்ற உவமைதான் உங்களைக் குழப்புகிறது. பூட்டு தானாக அசையாது. வாங்கியோ ஒரு புரதம். உடல் வெப்பத்தில் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் இயங்கா வடிவில் கிடந்தாலும், இடைக்கிடை இயங்கும் வடிவுக்குத் தாவி, செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் ஜி புரதத்தைத் தூண்டிவிட்டுத் திரும்பும். ஓமோன் வந்தால் அந்த இயங்கும் வடிவைப் பிடித்து நிறுத்துகிறது.

இரணைமடுக் குளத்துத் துருசை (மதகை) நினையுங்கள். இறுக்கி மூடினாலும் சற்றுக் கசியும். ஒரு துருசின் கசிவில் வயல் நனையாது. நூறு துருசு கசிந்தால் வாய்க்கால் ஓடும். சுண்டெலிகளின் இதயத்தில் பீற்றா-2 அட்ரினலின் வாங்கியை நூறு மடங்குக்கு மேல் பெருக்கியபோது, தூண்டும் மருந்து எதுவும் கொடுக்காமலே இதயத் தசை வலுவாகச் சுருங்கியது. கசியும் அளவு வாங்கிக்கு வாங்கி வேறு. கண்ணில் ஒளியை உணரும் வாங்கியான ரொடொப்சின் மூலக்கூறு ஒன்று ஒளியின்றித் தானாக இயங்கப் பல நூறு ஆண்டுகள் செல்லும். பசியைத் தூண்டும் கிரெலினின் வாங்கி, கிரெலின் இல்லாமலே உச்ச அளவின் பாதியளவுக்கு இயங்கும்.

இதைச் சோதிக்க, வாங்கியின் மரபணுவைக் கலங்களுக்குள் படிப்படியாகக் கூட்டிச் செலுத்தி, வாங்கி இயங்கும்போது உள்ளே உருவாகும் சைக்கிளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறை அளப்பார்கள். ஓமோன் இல்லாமலே வாங்கி கூடக் கூட அதுவும் கூடினால் கசிவு உண்டு. பிழை வருமிடம் வளர்ப்பு ஊடகம்: அதிலுள்ள கன்றுச் சீரத்திலேயே ஓமோன் இருக்கலாம். ஆகவே கலங்களைக் கழுவிச் சீரமில்லாத ஊடகத்தில் வைக்க வேண்டும். வாங்கி மரபணு இல்லாத வெறும் கலங்களையும் ஒப்பீட்டுக்கு அளக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவின் கழுத்தில் தைரொயிட் கட்டி. ரி.எஸ்.எச். (தைரொயிட்டை ஏவும் ஓமோன்) 0.01, ரி4 (தைரொட்சின்) அதிகம். ஏவும் ஓமோன் இல்லாமல் சுரப்பி எப்படிச் சுரக்கிறது? பிள்ளைகளுக்கும் வருமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: இத்தகைய கட்டிகள் பலவற்றில் ரி.எஸ்.எச். வாங்கியின் மரபணுவில் ஒரு விகாரம் இருக்கும். இதை 1993இல் பிரசெல்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாங்கி இயங்கும் வடிவிலேயே இறுகிவிடுகிறது. தைரொட்சின் மிஞ்சுவதால் கபச்சுரப்பி ரி.எஸ்.எச்.ஐ நிறுத்துகிறது, தைரொயிட்டின் மற்றப் பகுதி ஓய்கிறது, கட்டி ஓயாது. ஆனால் கிரேவ்ஸ் நோயிலும் இரத்த முடிவு இப்படித்தான் வரும். அங்கே பிறபொருளெதிரி வாங்கியில் பொருந்தித் தூண்டுகிறது. தைரொயிட் ஸ்கானில் கட்டி மட்டும் ஒளிர்ந்தால் முதலாவது, சுரப்பி முழுதும் ஒளிர்ந்தால் இரண்டாவது.

இதற்குக் கொடுக்கும் காபிமசோல் குளிசை, ஓமோன் உற்பத்தியைத் தடுக்குமே தவிர, வாங்கியை அடக்காது. நிறுத்தினால் திரும்பும், எனவே கதிரியக்க அயடீனோ சத்திரசிகிச்சையோ தேவைப்படும். காபிமசோல் எடுக்கும்போது காய்ச்சலோடு தொண்டை நோ வந்தால் குளிசையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்லுங்கள். வெண்குழிய எண்ணிக்கை பார்க்க வேண்டும். இந்த விகாரம் கட்டியின் கலங்களில் மட்டும் ஏற்பட்டது, பிள்ளைகளுக்குக் கடவாது. பரம்பரையாக வரும் வகை மிக அரிது. அதில் சுரப்பி முழுதும் பாதிக்கப்படும்.

கேள்வி: ஒவ்வாமைக்குப் போடும் பிரிட்டன் (Piriton) குளிசை, ஒவ்வாமையை உண்டாக்கும் ஹிஸ்டமினைத் தடுப்பது மட்டுமா?
– வாசகர், பரந்தன்

பதில்: இல்லை. ஹிஸ்டமின் எச்1 வாங்கியும் தானாகக் கசிவது. பிரிட்டன் அதை இயங்கா வடிவில் பிடித்து, அந்தக் கசிவையும் குறைக்கிறது. மூளைக்குள்ளும் புகுவதால் தூக்கம் வரும். போட்டுவிட்டு உழவு இயந்திரம் ஓட்டாதீர்கள்.