துக்க வீட்டில் செபம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. செபமாலையைக் கையில் எடுத்தால் இரண்டாவது பத்து மணி முடிவதற்குள் மனம் ஐ.சி.யூ. வாசலில் போய் நிற்கிறது. கோயிலில் உட்கார்ந்தாலும் வெறுமைதான். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா?
- வாசகி, லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: கைவிடவில்லை அம்மா. இப்போதைக்கு அந்தச் செபம் உங்களுக்கு நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான். முழுச் செபமாலையில் 53 முறை ‘அருள்நிறைந்த மரியே’ சொல்கிறோம். பழகிப்போன வரிகள் என்பதால் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகும், மனத்துக்கு வேலை இருக்காது. வேலையில்லாத மனம் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடும். ஒரே ஒரு பத்து சொல்லுங்கள், போதும். மீதியைச் சொல்லாததைப் பாவமென்று குருவிடம் அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போக வேண்டாம்.

அதோடு விவிலியத்தில் திருப்பாடல் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். (லத்தீன் எண் வரிசையில் அச்சான பழைய புத்தகமென்றால் 12 என்று இருக்கும்.) ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் ‘இன்னும் எத்தனை காலம்’ என்று கடவுளிடம் நான்கு முறை கேட்கிறார் பாடியவர். வீடு எந்த நேரத்தில் அதிகம் வெறிச்சோடுகிறதோ, பெரும்பாலும் கணவர் வேலை முடிந்து திரும்பும் நேரம், அப்போதே உட்காருங்கள். கட்டிலில் வேண்டாம், நாற்காலியில். கைபேசியில் வேண்டாம், அச்சுப் புத்தகத்தில். கைபேசியைத் திறந்தால் அவருடைய கடைசிப் போட்டோதான் முதலில் கண்ணில் படும்.

இரண்டு வசனத்தை வாய்விட்டு வாசித்து நிறுத்துங்கள். பிறகு உங்கள் சொந்தக் குறையை, வீட்டில் பேசும் தமிழில், சொல்லுங்கள். ‘ஏன் இப்படிச் செய்தீர்’ என்று கேட்டால் தெய்வ நிந்தனை ஆகாது, அந்தப் பாடலே அதைத்தான் கேட்கிறது. மூன்று நிமிடம் சும்மா இருங்கள். அதன்பின் மீதியை வாசியுங்கள். கடைசி இரண்டு வசனம் நம்பிக்கையாகத் திரும்பும். அன்றைக்கு அந்த நம்பிக்கை வாயில் வரவில்லையா? அதற்கு முன்பே புத்தகத்தை மூடிவிடுங்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

வெள்ளிக்கிழமை மட்டும் திருப்பாடல் 88. அதில் ஆறுதல் வரி ஒன்றுகூடக் கடைசியில் கிடையாது, இருளோடு முடிகிறது. திருச்சபையின் வெள்ளி இரவு மன்றாட்டில் இருப்பது இந்தப் பாடல்தான். கன்னியரும் குருக்களும் வாரந்தோறும் சொல்வதை நீங்கள் சொல்லும்போது விசுவாசம் போய்விட்டதோ என்று பயப்பட என்ன இருக்கிறது?

தவறு இரண்டு இடத்தில் நடக்கும். செபம் முடிந்ததும் ‘அமைதி வந்ததா’ என்று ஜுரம் பார்ப்பதுபோல மனத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது ஒன்று. பட்டினியோடு உட்காருவது இன்னொன்று. தனியாக இருப்பவர்கள் முதலில் விடுவது ராத்திரிச் சாப்பாட்டை. சாக வேண்டும் என்று சூரைச்செடி அடியில் படுத்த இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் பிரசங்கம் வைக்கவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தார். எலியா சாப்பிட்டுத் தூங்கினார், தூதர் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தார் (1 அரசர்கள் 19). ஓரேபு மலையில் கடவுளின் மெல்லிய குரல் கேட்டது அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான்.

செபத்தோடு நிறுத்தக்கூடாத கட்டமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில், ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடும் துக்கம் தனி நோயாகவே இருக்கிறது. சாவு எண்ணம் வந்தால் ஆறு மாதம் எண்ண வேண்டாம், அன்றே 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல சேவை, 24 மணி நேரமும் உண்டு. தமிழில் பேசலாம்.

கேள்வி: ‘எல்லாம் கடவுள் சித்தம், அழாதீங்க’ என்று அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துச் செபக் குழுவில்) எல்லோரும் சொல்கிறார்கள். அழுவது அவிசுவாசமா?
- வாசகர், ஆஸ்டின் டவுன்

பதில்: இறந்த நண்பர் லாசரை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு அழுதார் (யோவான் 11:35). பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொன்னபின் வந்ததுதான் வினை. கடைசியில் கடவுளே அவர்களைக் கடிந்துகொள்கிறார் (யோபு 42:7). அன்பியத்தாரிடம் ‘விளக்கம் வேண்டாம், வியாழக்கிழமை ரசம் சாதம் கொடுத்தனுப்புங்கள், பேங்க் வேலைக்குக் கூட வாருங்கள்’ என்று நீங்களே கேளுங்கள். என்ன செய்வதென்று தெரியாமல்தான் பலர் சித்தம் பேசுகிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. பகல் முழுக்கத் தனியாக டி.வி.யில் பூசை (திருப்பலி) பார்க்கிறார். நன்மை (நற்கருணை) வாங்க முடியவில்லையே என்று அழுகிறார்.
- வாசகர், கம்மனஹள்ளி

பதில்: பங்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்: பெயர், மாடி, கதவு திறக்க ஆள் இருக்கும் நேரம், தமிழில் செபிக்க வேண்டும் என்பது, விழுங்குவதில் சிரமம் உண்டா என்பது. பல பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவார்கள். சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு), இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர் தயாராக இருக்கட்டும். விழுங்க முடியாவிட்டால் முன்பே சொல்லுங்கள், சிறு துண்டு கொடுப்பார்கள். நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கட்டாயமில்லை, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அப்படியே. இது தெரியாமல் சர்க்கரை நோயாளிகளைப் பட்டினி போடுகிறார்கள்.

நற்கருணை தந்தவர் போன கையோடு டி.வி.யைப் போடாதீர்கள். கால் மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அம்மா ஏங்குவது பாதி அதற்காகவும் இருக்கலாம். குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் என்ற பயம் வேண்டாம், முதுமைத் தளர்ச்சிக்கே பெறலாம்.

கேள்வி: கல்லறையில் இடம் கிடைக்காமல் அப்பாவை எரித்தோம். சாம்பலை வீட்டில் வைக்கலாமா? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியில் கரைக்கலாமா?
- வாசகி, ஃபிரேசர் டவுன்

பதில்: எரிப்பதற்குத் திருச்சபை 1963-லேயே அனுமதி தந்துவிட்டது. கரைப்பதையும் தூவுவதையும் 2016-ல் வத்திக்கானிலிருந்து வந்த அறிவுரை தடுக்கிறது. சாம்பலைப் பங்கிடக்கூடாது, பொதுவாக வீட்டிலும் வைக்கக்கூடாது, கல்லறையிலோ ஆலயத்திலோ வைக்க வேண்டும். அவருக்கு நெருக்கமான ஓர் இடத்தில் மிகச் சிறு பகுதியை வைத்துக்கொள்ள, தக்க திருச்சபை அதிகாரி சூழ்நிலையைப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம் என்று 2023-ல் விளக்கம் வந்தது. சாம்பலுக்குத் தேவை சிறு இடம்தான், குடும்பக் கல்லறை இருந்தால் அதிலேயே வைக்க முடியுமா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தோருக்காகச் செபிப்பவர்கள், வழக்கமான நிபந்தனைகளோடு (பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், பாவப் பற்று இல்லாமை), அவர்களுக்காகப் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, பெறலாம்.

கேள்வி: இறந்துபோன இந்துத் தோழிக்குப் பூசை வைக்கலாமா?
- வாசகி, விவேக்நகர்

பதில்: தாராளமாக. திருச்சபைச் சட்டம் 901-ன்படி உயிரோடு இருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அவசரத்தில் கிறுக்கிக் கொடுத்த பெயர்தான் பீடத்தில் வேறு பெயராக ஒலிக்கும்.