வேகமான எம்ஆர்ஐ என்கிறார்களே, அப்புறம் ஏன் என் அம்மாவின் படம் கலங்கி வந்தது?

மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள் என்று கேள்வியில் எழுதியிருப்பதால் அம்மாவுக்கு வயிற்று ஸ்கேன் என்றே எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் பதினோரு வருடமாக எம்ஆர்ஐ எடுப்பவள் நான். "பாட்டி அசைஞ்சுட்டாங்க" என்று பழியை நோயாளி மேல் போட்டால் எனக்குச் சுருக்கென்கிறது.

எம்ஆர்ஐ, தகவலை வரிவரியாக வாங்கி, கடைசியில் கணக்குப் போட்டுத்தான் படமாக்கும். ஒரு வரிக்குச் சில மில்லிவினாடி போதும். எல்லா வரியும் சேரத்தான் நேரமாகும். அதற்குள் மூச்சோடு ஈரல் ஒரு விரற்கடை நகர்ந்தால் அதன் விளிம்பு நிழல் நிழலாகத் திரும்பத் திரும்பத் தெரியும். வேக முறைகள் வாங்கும் வரிகளைக் குறைக்கின்றன. பாதி வரி போதுமென்றால் நேரமும் பாதி, ஆனால் படத்தில் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான கரகரப்பு, கூடும். அதனால் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. 15, 20 வினாடி மூச்சடக்க வேண்டிய ஸ்கேன்கள் இன்றும் இருக்கின்றன.

மென்பொருளே அசைவைத் திருத்திவிடுமே என்று யாராவது வருவீர்கள். தலைக்கு நன்றாகவே திருத்துகிறது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். தலை மொத்தமாக அசையும். வயிற்றுக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நகரும்.

எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர். மூன்று தடவை எடுத்தும் படம் தேறவில்லை. மூச்சடக்கச் சொல்லும் பதிவுக் குரல் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. உள்ளே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை முழுசா வெளிய விடுங்க பாட்டி, அப்படியே நிறுத்துங்க" என்று நாலு தடவை பழக்கினேன். இழுத்துப் பிடித்தால் தடவைக்குத் தடவை அளவு மாறும்; வெளியே விட்டு நிறுத்தினால் ஈரல் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து நிற்கும். அடுத்த படம் சுத்தமாக வந்தது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனேம்மா" என்றார். அன்று வீட்டுக்குப் போயும் மனசு ஆறவில்லை.

நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. நாலு வரி பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லையா? எங்கள் புளோக்கில் மின்தூக்கி பக்கத்தில் ஒட்டிய தமிழ் அறிவிப்பிலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அச்சடிக்கும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் என்ன?

சரி, உங்கள் விஷயம். மறுபடி போகும் முன் அந்தப் பிரிவுக்குப் போன் செய்து, அம்மாவுக்குத் தமிழ்தான் புரியும் என்று சொல்லிவையுங்கள். அவரால் மூச்சடக்கவே முடியாதென்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு படத்தை ஒரு வினாடிக்குள் எடுக்கும் முறையும் உண்டு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையின் அசைவைப் பார்த்து எடுக்கும் முறையும் உண்டு. அதுவரை வீட்டில் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு 15 எண்ணும்வரை நிறுத்தப் பழக்குங்கள்.