ஒரே டிரைவர், ஒரே அணி: 24-வது இடத்திலிருந்து 4-வது இடத்துக்கு எப்படி வந்தார்?

அமெரிக்கக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர் 2014-இல் 24-வது இடம், 2015-இல் 4-வது இடம். அணியும் அதே ஃபர்னிச்சர் ரோ, கார் நம்பரும் அதே 78. இது அதிர்ஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பாயின்ட் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அதிர்ஷ்டம் என்ற பேச்சை என்னால் பொறுக்க முடியாது. ஒரு பந்தயம் அதிர்ஷ்டத்தில் அமையலாம், 36 பந்தயமும் அப்படி அமையாது. 2014 முழுக்க அவர் முன்னிலையில் ஓடியது ஒரே ஒரு லேப் (பாதையை ஒரு தடவை சுற்றுவது). 2015-இல் 567 லேப். முதல் பத்துக்குள் வந்தது 5 தடவையிலிருந்து 22 தடவையானது. கன்சாஸ், சார்லட், டோவர், போகோனோ என்று அடுத்தடுத்த நான்கு பாயின்ட் பந்தயங்களில் அதிக லேப் முன்னிலை அவருக்குத்தான். நான்காவதான போகோனோவில் 160 லேப்பில் 97 லேப் முன்னே ஓடி ஜெயித்தார்.

"ஃபர்னிச்சர் ரோ சின்ன அணி, 2014-இல் கார் சரியில்லை, அவ்வளவுதான்" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். 2013-இல் இதே அணியில், இதே 78-இல்தான் கர்ட் புஷ் என்ற டிரைவர் சேஸுக்கு, அதாவது பட்டத்துக்கான இறுதிக்கட்டப் போட்டிக்கு, தகுதி பெற்றார். ஆக, அணியைக் குறை சொன்னால் கணக்கு இடிக்கிறது.

மாறியது க்ரூ சீஃப், அதாவது காரை எப்படி அமைப்பது என்று முடிவெடுப்பவர். டாட் பெரியர் இருந்த இடத்துக்கு, அதே அணியில் எஞ்சினியராக இருந்த கனடாக்காரர் கோல் பெர்ன் வந்தார். அந்த வருடம் விதிகளும் மாறின: என்ஜின் சக்தி சுமார் 725 குதிரைத்திறனுக்கு இறங்கியது, பின் ஸ்பாய்லர் (காற்றின் விசையால் காரின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்தும் தகடு) 8 அங்குலத்திலிருந்து 6 அங்குலமானது, அணிகள் தனியாக டெஸ்ட் ஓட்டுவதற்குத் தடை வந்தது. எல்லோரும் பழைய செட்டப் நோட்டை மூடி வைக்க வேண்டியதாயிற்று. டெஸ்ட் கிடையாது என்றால் பந்தய வார இறுதியில் டிரைவர் ரேடியோவில் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளும் அணிக்குத்தான் லாபம்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று விளக்குகிறேன். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்பாமல் சுவரை நோக்கிப் போனால் கார் 'டைட்'. பின்பக்கம் வழுக்கினால் 'லூஸ்'. இப்போது வளைவின் நடுவில் கார் டைட்டாக இருக்கிறது என்று வையுங்கள். டிரைவர் பொறுமையிழந்து ஸ்டீயரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிக்கிறார். வளைவு முடிகிற இடத்தில் முன் டயர் சட்டென்று பிடிக்கிறது, அதே நேரம் ஆக்சிலரேட்டரும் மிதிபடுகிறது, பின்பக்கம் வெளியே வீசுகிறது. அவர் உணர்ந்தது கடைசியாக வந்த வழுக்கலை; அதனால் ரேடியோவில் "வெளியேறும்போது லூஸ்" என்பார். க்ரூ சீஃப் அதை நம்பி, அடுத்து டயர் மாற்றக் கார் பிட்டில் நிற்கும்போது அதை இன்னும் டைட் ஆக்குவார். நோய் நடுவில், மருந்து கடைசியில். அடுத்த 40 லேப் நாசம்.

இதைத் தவிர்க்க டிரைவர் ஒவ்வொரு வளைவையும் நுழைவு, நடு, வெளியேற்றம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். புது டயரிலா, 20 லேப் ஓடிய டயரிலா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிட்டில் செய்யக்கூடியவை சில திருத்தங்கள்தான். முன் வலது, பின் இடது சக்கரங்களின் மேல் விழும் எடைப் பங்குதான் வெட்ஜ். பின் கண்ணாடி வழியே ரெஞ்சை விட்டு அதை ஒரு சுற்று கூட்டினால் டைட், குறைத்தால் லூஸ். அப்போதைய கார்களில் ட்ராக் பார் என்று, பின் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு கம்பி இருந்தது; அதை ஏற்றினால் லூஸ், இறக்கினால் டைட். பின் வலது டயரில் அரை பவுண்டு காற்று கூடினாலே லூஸ் பக்கம் நகரும். 2015-இல் ட்ராக் பாரை டிரைவரே சீட்டில் இருந்தபடி மாற்றலாம் என்று அனுமதித்தார்கள். காரை உணரத் தெரிந்தவருக்கு அது வரம். தெரியாதவர் அதை வைத்தே குழப்பத்தைக் கூட்டிக்கொள்வார். ட்ரூயெக்ஸும் பெர்னும் ஒருவர் மொழியை ஒருவர் புரிந்துகொண்டார்கள் என்பது என் கணிப்பு. டிரைவரின் திறமை 2014-லேயே இருந்தது.

டிரைவர் தானே முன்னேற்றிக்கொள்ளக்கூடிய இடம் பிட் ரோடு, அதாவது பிட்டுக்குப் போய் வரும் வேக வரம்புள்ள பாதை. காரில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. என்ஜின் ஆர்பிஎம்மையும் அதற்கேற்ற விளக்குகளையும் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். வரம்பு மணிக்கு 45 மைல் என்றால் கூடவே 5 மைல் சலுகை உண்டு. 1,500 அடி நீளத்தை 45-இல் கடக்க 22.7 நொடி, 49-இல் 20.9 நொடி. கிட்டத்தட்ட 2 நொடி! டயர் மாற்றுபவர்கள் உயிரைக் கொடுத்தாலும் அவ்வளவு மிச்சப்படுத்த முடியாது. பேராசைப்பட்டு 50-ஐத் தாண்டினால் பெனால்ட்டி, அந்த லாபமெல்லாம் போச்சு.

2014-இல் அவருடைய துணைவி ஷெர்ரி போலெக்ஸுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்ததையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். அந்த வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2015-இலும் அந்தப் போராட்டம் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது, ரிசல்ட் மட்டும் மாறியது.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன், மன்னிக்கவும். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்கார் ட்ரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயத்திலேயே 13-வது இடம், அந்த வருட ட்ரக் தொடரின் மிகவும் பிரபலமான டிரைவர் விருதும் அவருக்குத்தான். நம் பத்திரிகைகளில் அவர் பெயர் வந்தாலே ஃபார்முலா ஒன் மட்டும்தான். "இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருப்பது ஒரு பந்தயமா" என்று கேட்பவர்கள், அரை மைல் நீளமுள்ள மார்ட்டின்ஸ்வில்லில் 40 லேப் தேய்ந்த பின் டயரை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி ஓட்டுகிறார் என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

வேறு டிரைவரை இதே மாதிரி அளக்க விரும்பினால், எத்தனை வெற்றி என்பதைக் கடைசியில் பாருங்கள். முன்னிலையில் ஓடிய லேப், முதல் பத்து எண்ணிக்கை, பிட் ரோட்டில் வாங்கிய பெனால்ட்டி, இந்த மூன்றையும் இரண்டு சீசனுக்கும் எடுத்து வையுங்கள். பிறகு க்ரூ சீஃப் பெயர் மாறியிருக்கிறதா என்று தேடுங்கள்.