முதலில் பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் கடைசி 14 ஆண்டுகள் தரப் பரிசோதனை மேசையில். பளபளவென்று வந்து நிற்கும் பூட்ஸை மூக்கிலிருந்து குதிகால்வரை நெடுக அறுத்து, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அந்த மேசையின் வேலை. காட்டிலும் மலையிலும் வயலிலும் நடப்பதற்கான பூட்ஸ் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, விடுமுறை நாட்களில் நண்பர்களோடு மலையேறுகிறேன். டாக்டிகல் பூட்ஸ் வாங்க ஆசை. தண்ணீர் புகாத வகைக்குக் கடையில் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், கூடலூர்

டாக்டிகல் என்ற பெயருக்கென்று ஒரு தர அளவு கிடையாது, தம்பி. பட்டாளத்திலும் காவல்துறையிலும் போடுவதைப் போல ஆறு அல்லது எட்டு அங்குல உயரம், கயிறு கட்டும் வாய், கனத்த சோல், கறுப்பு அல்லது மண் நிறம். இவ்வளவு இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை ஒட்டி விற்கலாம். அதனால் பெயரை மறந்துவிட்டு, நீங்கள் நடக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் புகாத பூட்ஸுக்குள் மெல்லிய சவ்வு ஒன்று காலுறை வடிவில் தைத்திருக்கும். 1969-இல் அமெரிக்கரான பாப் கோர் கண்டுபிடித்த கோர்டெக்ஸ் வகைச் சவ்வு இதில் பெயர் பெற்றது. அதன் நுண்துளைகளில் நீர்த்துளி நுழையாது; வியர்வையின் ஆவி மட்டும் வெளியேறும். ஆனால் ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்திருக்க வேண்டும். ஆடி மாதத்துக் கூடலூரில் அது நடக்காது. போதாக்குறைக்கு, முழங்கால் ஆழ ஓடை ஒன்றைக் கடந்தால் தண்ணீர் மேல்வாய் வழியாக இறங்கிவிடும். வெளியிலிருந்து நீரைத் தடுத்த அதே சவ்வு இப்போது உள்ளிருக்கும் நீரை வாளிபோலப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த பூட்ஸ் மறுநாள் காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும்.

வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொடுத்த காட்டு பூட்ஸை நினைத்துப் பாருங்கள். பாதத்தைச் சுற்றித் தோல், அதற்கு மேலே துணி, பாதத்தின் உட்குழிவுப் பக்கம் வலை பதித்த இரண்டு சின்னத் துளைகள். ஓடையைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் உள்ளே போன தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகப் பீய்ச்சி வெளியேறிவிடும். மழைக்காட்டில் கால் நனையத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு செய்த வடிவம் அது. உங்கள் ஊருக்கு அதுதான் பொருந்தும். அந்த இரண்டாயிரம் ரூபாயை நல்ல காலுறைகளுக்குச் செலவிடுங்கள். கம்பளி கலந்தது இரண்டு ஜோடி, அட்டை ஏறாமல் இருக்க நெருக்கமான நெசவில் முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை ஒரு ஜோடி. பருத்திக் காலுறை வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கொப்புளத்தை உண்டாக்கும். மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் புல்வெளியின் உறைபனியில் அதிகாலை நடப்பவர்களுக்கும் இமயமலைப் பக்கம் போகிறவர்களுக்கும் சவ்வு வைத்த பூட்ஸ் நல்லதுதான்.

கடையில் பூட்ஸைக் கையில் எடுத்ததும் முதலில் தலைகீழாகத் திருப்புங்கள். அடியிலுள்ள கட்டைகள் நான்கைந்து மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் களிமண் அப்பிக்கொண்டு சோல் வழவழப்பாகிவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நல்ல ரப்பர் சற்றே அமுங்கி மீளும். நகம் வழுக்கினால் அது கடினமான பிளாஸ்டிக். ஈரப்பாறையில் ஆளைத் தள்ளிவிடும். 1935-இல் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் பொருத்தமான காலணி இல்லாமல் ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் பயணத்தில் உடன் சென்ற விட்டாலே பிரமானி அதன்பிறகு யோசித்து, 1937-இல் உருவாக்கியதுதான் கட்டைகள் வைத்த ரப்பர் சோல். அவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்துத்தான் விப்ரம் என்ற பெயரே வந்தது. சோலின் நடுவில் அந்த மஞ்சள் எண்கோண முத்திரையைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆறு பேரின் நினைவு வரும்.

அடுத்து, சோலும் மேல்தோலும் சேரும் கோட்டைப் பாருங்கள். பெரும்பாலான பூட்ஸ்களில் சோல் பசையால் ஒட்டப்பட்டதுதான். பசை என்றதும் பயப்பட வேண்டாம், முறையாக ஒட்டினால் ஆண்டுக்கணக்கில் பிடிக்கும். ஒட்டுவதற்கு முன் மேல்தோலின் கீழ் விளிம்பைக் கம்பித் தூரிகைச் சக்கரத்தில் கொடுத்து, வழவழப்பான மேல்பூச்சு போய் நார் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பசை நாரில்தான் பிடிக்கும், பூச்சில் பிடிக்காது. அவசர ஆர்டரில் முதலில் குறைவது இந்தச் சுரண்டல்தான். சோல் பிரிந்து திரும்பி வந்த பூட்ஸ்களில் நான் முதலில் அந்த விளிம்பைத்தான் தடவிப் பார்ப்பேன். பசை முழுவதும் சோலோடு போயிருக்கும், தோல் பக்கம் புதிதுபோலப் பளபளக்கும். கடையில் இதை அறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் பாதம் மடங்கும் இடத்தில் பூட்ஸை நன்றாக வளைத்து, அந்தக் கோட்டில் மெல்லிய இடைவெளி விடுகிறதா என்று பார்க்கலாம். முடி அளவு விட்டாலும் கீழே வைத்துவிடுங்கள். வெல்ட் என்ற பட்டையை மேல்தோலுக்கும் சோலுக்கும் இடையே வைத்துச் சுற்றிலும் தைத்த பூட்ஸ் கிடைத்து, விலையும் கட்டுப்படியானால் வாங்குங்கள். கனம் கூடுதல்தான். ஆனால் சோல் தேய்ந்ததும் பிரித்து வேறு சோல் தைத்துக்கொள்ளலாம்.

மகன் ராணுவத்தில் சேரத் தயாராகிறான். பூட்ஸ் போட்டே ஓடிப் பழக வேண்டும் என்கிறான். இணையத்தில் வாங்கப் போகிறோம். அளவு எப்படிப் பார்ப்பது?
– வாசகர், திருப்பத்தூர்

ஓட்டப் பயிற்சிக்கு பூட்ஸ் வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். ஆள்சேர்ப்பு முகாமின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஓடும் ஷூதான் சரி. காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது பட்டாளத்தில் வழங்கும் கணக்கு. வளரும் பிள்ளை கனத்த பூட்ஸோடு தார்ச்சாலையில் ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடித்துக்கொள்ளும். பிறகு முகாமுக்கே போக முடியாமல் ஆகிவிடும். பூட்ஸோடு நடந்து பழகட்டும், அது போதும்.

அளவுக்கு, மாலையில் காலுறை போட்டுக்கொண்டு, சுவரில் குதிகால் பட ஒரு தாளின்மேல் நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது. உடலின் பாரம் இறங்கும்போதுதான் பாதம் நீளும். நீண்ட விரலின் நுனிவரை இரண்டு கால்களையும் அளந்து, பெரிய காலின் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பெட்டிமேல் இருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் எண். அதில் ஓர் எண் கூடினால் எட்டரை மில்லிமீட்டர் கூடும். ஆண்களுக்கான அமெரிக்க எண் பெரும்பாலும் ஒன்று கூடுதலாக இருக்கும். 8 என்று எழுதியிருப்பது எந்த நாட்டு 8 என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

வந்த பூட்ஸில் கயிற்றைத் தளர்த்தி, விரல் முன்னால் இடிக்கும்வரை பாதத்தைத் தள்ளச் சொல்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உங்கள் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். பிறகு கயிற்றை இறுக்கிக் கட்டி, மாடிப்படியில் பத்துத் தடவை இறங்கச் சொல்லுங்கள். ஏறும்போது எந்த பூட்ஸும் நல்ல பூட்ஸ்தான். என் மகனுக்கு 19 வயதில் நானே ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கூடத்தில் நடந்து பார்த்ததோடு விட்டுவிட்டேன். ஏலகிரியில் சுவாமிமலை உச்சிக்குப் போய் இறங்கி வந்தபோது அவனுடைய இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. அவை விழுந்து புதிதாக முளைக்க மாதக்கணக்கில் ஆயிற்று. இத்தனை ஆண்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைப் படியில் இறக்கிப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

வனவிலங்கு ஆய்வு மாணவி நான். கடைகளில் ஆண்களுக்கான பூட்ஸ்தான் இருக்கிறது. நீளம் சரியாக இருந்தால் குதிகால் தூக்குகிறது, குதிகால் பிடித்தால் விரல் நசுங்குகிறது. என்ன செய்வது?
– வாசகி, வால்பாறை

குறை உங்கள் காலில் இல்லை அம்மா, கட்டையில் இருக்கிறது. பூட்ஸைக் கட்டை என்ற பாத அச்சின்மேல்தான் இழுத்துச் செய்வார்கள். ஆண்களுக்கான கட்டையில் முன்பாதத்தோடு குதிகாலும் அகலம். பெண்களின் பாதத்துக்கு முன்பக்கத்தை நோக்க குதிகால் ஒடுக்கம். பிரிட்டிஷ் எண்ணில் ஆண், பெண் இருவருக்கும் நீளக் கணக்கு ஒன்றுதான் என்பதால், கடைக்காரர் "ஐந்தாம் நம்பர் எல்லாருக்கும் ஒன்றுதானே" என்பார். நீளம் ஒன்றுதான், வடிவம் வேறு. பெண்களுக்கான கட்டையில் செய்த பூட்ஸ் வேண்டும் என்று கேட்டுத் தேடுங்கள்.

அது கிடைக்கும்வரை விரலுக்கு இடம் விடும் அளவையே வாங்குங்கள், குதிகாலைக் கயிற்றால் பிடித்துக்கொள்ளலாம். பாதம் வளைந்து கணுக்காலாக ஏறும் இடத்தில் கயிறுகளை ஒருமுறை பின்னுவதற்குப் பதிலாக இரண்டு முறை சுற்றுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி, பூட்ஸின் பின்சுவரோடு ஒட்ட வைத்து, இரு கயிறுகளையும் இழுங்கள். அந்த இரட்டைச் சுற்று தளராமல் நிற்கும். அதற்குக் கீழே விரல்பக்கம் தளர்வாகவும் மேலே இறுக்கமாகவும் கட்டிக்கொள்ளலாம். நீங்கள் இருப்பது அட்டைகள் மிகுந்த ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பூட்ஸின் நாக்கு இரு ஓரங்களிலும் மேல்வரை மேல்தோலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். தனியாகத் தொங்கும் நாக்கின் இடுக்கு வழியாகத்தான் அட்டையும் முள்ளும் உள்ளே போகின்றன.

இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறேன். பாம்புக் கடிக்கு டாக்டிகல் பூட்ஸ் பாதுகாப்பா?
– விவசாயி, தருமபுரி

வெறுங்காலைவிடப் பல மடங்கு பாதுகாப்பு. கண்ணாடி விரியன் பெரும்பாலும் பாதத்திலும் முழங்காலுக்குக் கீழேயும்தான் கடிக்கிறது. ஆனால் பக்கவாட்டில் மெல்லிய துணி வைத்த பூட்ஸை நம்பாதீர்கள், கணுக்காலைச் சுற்றி முழுத்தோல் இருக்க வேண்டும். நீங்கள் சேற்றில் நிற்பவர். அதனால் முழங்கால்வரை வரும் ரப்பர் கம்பூட் உங்களுக்கு இன்னும் பொருத்தம், விலையும் குறைவு. டார்ச் இல்லாமல் வரப்பில் கால் வைக்காதீர்கள். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது நல்லதா?
– வாசகர், ஓசூர்

தொழிற்சாலைக்கு அவசியம். 200 ஜூல் மோதலைத் தாங்குமாறு செய்யப்படுவது அது. மலைக்கு வேண்டாம். கனம் கூடும், இறக்கத்தில் விரல் அதில் இடிக்கும்.

வளைகுடாவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த விலை உயர்ந்த பூட்ஸைப் பத்திரமாகப் பெட்டியிலேயே ஆறு ஆண்டு வைத்திருந்தேன். முதல்முறை போட்டுக்கொண்டு போனபோதே அடிப்பாகம் புட்டுபோல உதிர்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், நாகர்கோவில்

யாரும் ஏமாற்றவில்லை. ரப்பர் சோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவே மெத்தைபோல இருப்பது பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரமே அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடும். கடலோர ஊரில் மூடிய பெட்டியில் இருந்தால் இன்னும் விரைவாகச் சிதையும். நடந்துகொண்டே இருந்திருந்தால் உங்களுக்குப் பல ஆண்டு உழைத்திருக்கும். பெரிய தள்ளுபடியில் பழைய சரக்கு வாங்குபவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். சோலின் அடியிலோ நாக்கின் உள்பக்கத்திலோ தயாரித்த மாதமும் ஆண்டும் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

உங்கள் பூட்ஸைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மேல்தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ரேகைபோல நுண்ணிய சுருக்கங்கள் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தால் அது மேற்பரப்பு சிதையாத முழுத்தோல். அதற்குப் புது சோல் போடலாம். பிளாஸ்டிக் காகிதம்போல ஒரே மடிப்பாக மடங்கினால் பூச்சு பூசிய அடித்தோல். அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

மழையில் நனைந்த பூட்ஸை அடுப்புப் பக்கத்தில் காய வைக்கலாமா?
– வாசகி, ஏற்காடு

கூடவே கூடாது. சூட்டில் தோல் சுருங்கி விறைத்துப்போகும், சோலின் பசையும் இளகும். கம்பெனியில் அந்தப் பசையைச் சூடாக்கித்தான் ஒட்டுகிறோம், திரும்பச் சூடு காட்டினால் விட்டுவிடும். கயிற்றை முழுவதும் உருவி, உள்சோலை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி மூக்குவரை திணித்து, காற்றோட்டமான நிழலில் சாய்த்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் நனைந்து கனத்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை மாற்றுங்கள்.